துணியின் எடை

காலை ஒன்பது மணிக்கு நர்சம்மா வெறும் துணியைத் தராசின் கொக்கியில் மாட்டினாள். முள் நடுங்கி, இறங்கி, எண்ணூறு கிராமில் போய் நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். எண்ணூறுதான். துணிக்குள் ஒன்றும் இல்லை. வருஷக்கணக்கில் துவைத்து நைந்துபோன பருத்தித் துணி அது. நான்கு முனையையும் சேர்த்து முடிந்து, நடுவில் குழந்தையைக் கிடத்தி, சுருள்வில் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பதற்கானது. தனியாக நிறுத்தால் முன்னூறு கிராமுக்கு மேல் ஒரு கிராம் வராது. ஈரமாக இருக்கிறதோ என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைக்கு அடியில், மழையில் நனைந்த கருங்கல் தூளின் வாசனை லேசாக வந்தது.

வில் தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுப்படியிலிருந்து ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துவந்து மாட்டினாள். முள் ஒரு கிலோவில் ஆணி அடித்தாற்போல் நின்றது. தராசில் கோளாறு இல்லை. அப்படியானால் கோளாறு துணியில். இல்லையென்றால் கணக்கு இன்னும் மோசம். சற்று முன்பு துணியோடு நிறுத்தபோது பேத்தி மூன்று கிலோ இருநூறு. துணியைக் கழித்தால் இரண்டு நானூறு. பிறந்தபோது இரண்டு தொள்ளாயிரம் இருந்த குழந்தை, இருபது நாளில் ஏறாமல் அரைக் கிலோ இறங்கியிருக்கிறது.

பேத்தி பாயில் கிடந்தாள். அழவில்லை. அறைக்குள் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் விழித்துத்தான் இருக்கிறாள் என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் நர்சம்மா துணியைக் கழித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். சொந்தப் பேத்தி என்பதால் பார்த்தாள். மற்றவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

அவள் பொல்லாதவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஐந்து ஊர், ஒரு ஸ்கூட்டர், ஒரு தராசு. வெயிலில் அலைந்து மண்டை காய்ந்த பொம்பளை. ஊசி போட்டால் குழந்தைக்கு வலிக்காது, அவ்வளவு கைராசி. ஆனால் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனிப் படிவம் எழுத வேண்டும், தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அங்கே பாதி நாள் உட்கார வேண்டும். துணியைக் கழிக்காமல் விட்டால் அப்படிப்பட்ட குழந்தைகளும் இரண்டரையைத் தாண்டிவிடும். முதலில் மறதியாக ஆரம்பித்தது, அப்புறம் சௌகரியமாகிவிட்டது. அவள் எல்லையில் மெலிந்த குழந்தையே கிடையாது என்று மேலிடத்தில் இரண்டு தடவை கைதட்டினார்கள். அவளும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

தாய்மார்களுக்கான பத்துக் கேள்வித் தாளும் அப்படித்தான். பிள்ளை பெற்றவளின் மனசு எப்படி இருக்கிறது என்று உட்கார வைத்துக் கேட்டு எழுத வேண்டிய தாள். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, பிள்ளையைத் தூக்கத் தோன்றுகிறதா என்று பத்துக் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம். முதல் கட்டம் என்றால் ஒரு குறையும் இல்லை. கடைசிக் கட்டம் என்றால் ஆள் ஆபத்தில் இருக்கிறாள். நர்சம்மா யாரையும் கேட்டதில்லை. சுகாதார நிலையத்து மேஜையில் டீயை வைத்துக்கொண்டு, முதல் கட்டத்தில் மேலிருந்து கீழாகப் பத்து டிக் போடுவாள். ஒரு தாளுக்குப் பத்து நொடி. டீ ஆறுவதற்குள் ஒரு ஊர் முடிந்துவிடும்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஓர் எடை நாளில், கல்குவாரியில் கல் உடைக்கிறவனின் மனைவி வந்திருந்தாள். இருபத்தைந்து நாள் குழந்தை. துணியோடு முள் இரண்டரையைத் தொட்டது. நர்சம்மா இரண்டரை என்று எழுதினாள். மற்றவர்கள் எல்லாரும் போன பிறகும் அவள் மட்டும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். பாப்பா அழுறது பக்கத்து வீட்டுல கேக்குற மாதிரி இருக்கு. நம்ம பாப்பாதானான்னு எந்திரிச்சிப் போய்ப் பாக்க வேண்டியிருக்கு. பாத்தாலும் தெரியல."

நர்சம்மா கையில் ஸ்கூட்டர் சாவியோடு வாசலைத் தாண்டியிருந்தாள். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும். தலைப்பிள்ளைல்ல. போகப் போகச் சரியாயிடும். போய்த் தூங்கு."

"தூக்கம்தான் நர்சம்மா வர மாட்டேங்குது."

"அதான் சொல்றேன்ல."

மறுநாள் மத்தியானம் தாயையும் பிள்ளையையும் குவாரித் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். விசாரணைக்கு வந்தவர்கள் நர்சம்மாவின் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பத்தும் முதல் கட்டம். "முந்தின நாள்கூட நல்லாத்தான் சார் இருந்தாங்க" என்று அவள் சொன்னாள். யாராவது எதையாவது சொல்ல வந்தார்களா என்று கேட்டதற்கு, இல்லை என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. மனசு சரியில்லாதவள் என்றால் ஊர் இரண்டு சொட்டுக் கண்ணீராவது விட்டிருக்கும். ஒரு குறையும் இல்லாதவள் என்று அரசாங்கத் தாளே சொல்லும்போது, பெற்ற பிள்ளையைக் கொன்ற பாவி என்றுதான் பேசியது. புதைக்கும்போது புருஷனைத் தவிர ஒரு ஆள் போகவில்லை. அவனும் அடுத்த வாரம் ஊரை விட்டுப் போய்விட்டான். நர்சம்மாவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது.

துணி எண்ணூறு கிராம் காட்டிய அன்று, பதினோரு மணிக்கு, அவள் சுகாதார நிலையத்தில் அந்த மாதத்துத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று தாய்மார்கள். எண்ணிப் பார்த்தால் இருபத்து நான்கு தாள். ஒன்று கூடுகிறதே என்று அவள் முணுமுணுத்ததைக் கேட்டு, மருந்து கொடுக்கிற கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு கூடுதலா இருந்தா நல்லதுதான நர்சம்மா. உங்களுக்கு இன்னொரு தடவ கை தட்டுவாங்க."

சிரித்துக்கொண்டே மறுபடி எண்ணினாள். கூடுதல் தாள் அடியில் இருந்தது. அவளுடைய நீலப் பேனா. கொஞ்சம் வலப்பக்கம் சாயும் அவளுடைய டிக். பத்தும் முதல் கட்டத்தில். தாயின் பெயர் என்ற இடத்தில் அவள் மகளின் பெயர் இருந்தது. குழந்தையின் எடை மூன்று கிலோ இருநூறு.

அவள் அதை எழுதவில்லை. மகளுக்குத் தாளே போடவில்லை. சொந்த மகளுக்கு எதற்குத் தாள் என்று விட்டிருந்தாள். எட்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். கை கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டாம் முறையும் கழுவினாள். விரல் நகத்துக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மாவு மாதிரி இருந்தது, அது போகவில்லை.

சாயங்காலம் வீட்டில் பையைத் திறந்தபோது, அந்தத் தாள் மடிப்பே இல்லாமல் மேலாகக் கிடந்தது.

பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பயத்திலும் ஒரு நல்ல காரியம் செய்தாள், அதைச் சொல்லியாக வேண்டும். புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் வீடு ஊரின் கடைசி வீடு. ஜன்னலுக்கு வெளியே ஒரு தரிசு, தரிசுக்கு அந்தப் பக்கம் குவாரியின் விளிம்பு. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"கண்ணு, அம்மா ஒரு பத்துக் கேள்வி கேக்கிறேன். உள்ளத உள்ளபடி சொல்லு."

மகள் திரும்பாமலே பதில் சொன்னாள். முதல் கேள்விக்கே ஐந்து நிமிஷம் ஆனது. சொல்லி நிறுத்துவாள், மூச்சு விடுவாள், மறுபடி சொல்வாள். சாப்பாடு மண் மாதிரி இருப்பதை, புருஷன் போன் செய்தால் என்ன பேசுவது என்று தெரியாததை, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கை நடுங்குவதை எல்லாம் சொன்னாள். பத்துக் கேள்வியும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. இந்தத் தாளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்பதே நர்சம்மாவுக்குத் தெரியாது.

கடைசியில் மகள் சொன்னாள். "பாப்பா அழுறது பக்கத்து வீட்டுல கேக்குற மாதிரி இருக்கும்மா. நம்ம பாப்பாதானான்னு எந்திரிச்சிப் போய்ப் பாக்க வேண்டியிருக்கு. பாத்தாலும் தெரியல."

ஒரு சொல் மாறவில்லை. அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. இதை மகள் எங்கேயும் கேட்டிருக்க வழியில்லை. நர்சம்மா பேனாவை இறுக்கிப் பிடித்து, கடைசிக் கட்டங்களில் அழுத்தி அழுத்தி டிக் போட்டாள். தாள் கிழிகிற அளவுக்கு.

காலையில் பார்த்தபோது பத்து டிக்கும் முதல் கட்டத்தில் இருந்தன. அழுத்திய தடம்கூட அங்கேதான் இருந்தது. துணியை மாட்டினாள். ஒரு கிலோ நூறு.

தூரத்தில் சாலை போடும் வேலையில் இருந்த மருமகனுக்குப் போன் செய்தாள். சொல்ல வேண்டியதை வரிசையாக மனசில் வைத்திருந்தாள்: அவளுக்கு உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை, உடனே புறப்பட்டு வாருங்கள்.

"என்ன அத்தை, எல்லாம் நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க மாப்பிள்ளை. ஒரு குறையும் இல்ல."

அவள் வாயிலிருந்துதான் வந்தது. அவள் குரல்தான். சுகாதார நிலையத்தில் கேட்கிறவர்களுக்குச் சொல்லும் அதே உற்சாகமான குரல். வாயைப் பொத்திக்கொண்டாள். நாக்கில் கல் தூள் நறநறத்தது. மருமகன் அந்தப் பக்கம் நிம்மதியாகச் சிரித்தான். "அப்ப சரி அத்தை, அடுத்த மாசம் மெதுவா வர்றேன்" என்று வைத்துவிட்டான்.

மறுபடி அழைத்தாள். மறுபடியும் அதேதான் சொன்னாள். மூன்றாவது தடவை அவன் எடுக்கவில்லை.

வாய் சொல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியட்டும் என்று, மகளையும் பேத்தியையும் பஸ்ஸில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பேத்தியைப் பார்த்தால் எந்த டாக்டருக்கும் புரிந்துவிடும். கன்னம் ஒட்டி, நெற்றியில் கிழவியின் சுருக்கம் விழுந்து, தொடைத் தோல் தொளதொளவென்று மடிந்து தொங்கியது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் பிள்ளையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்சம்மாவுக்கு அந்தத் திருப்பலே தெம்பாக இருந்தது. ஒருத்திக்காவது தெரிகிறதே.

வரும் அவசரத்தில் பிள்ளையை எதில் சுற்றினோம் என்று அவள் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் மேஜையில் கிடத்தியபோதுதான் பார்த்தாள். அந்தத் துணி.

"வாங்க சிஸ்டர். உங்க பேத்தியா? கொடுங்க, முதல்ல எடை போடுவோம்." டாக்டரம்மா துணியோடு தூக்கி மின் தராசில் வைத்தார். சிவப்பு எழுத்தில் மூன்று ஐந்நூறு வந்தது. "அடேயப்பா, நல்லா ஏறியிருக்காளே."

துணியை எடுங்க டாக்டர். துணியைக் கழிச்சிட்டுப் பாருங்க. நர்சம்மாவுக்கு அது தொண்டை வரைக்கும் வந்தது. கையை நீட்டித் துணியின் முனையைப் பிடித்தாள். இழுத்தாள். ஈரமணல் மூட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. அசையவில்லை.

"என்ன சிஸ்டர், துணிக்கா? விடுங்க, துணி என்ன பெரிய எடை." டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "பொண்ணு எப்படி இருக்கு? பத்துக் கேள்வி கேட்டீங்களா?"

மகள் நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அம்மா சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள்.

"கேட்டேன் டாக்டர். ரொம்ப நல்லாருக்கா." கை தானாகப் பைக்குள் போய்த் தாளை எடுத்து நீட்டியது. "பத்துமே முதல் கட்டம்."

"உங்க கையில இருக்கும்போது என்ன குறை வரப்போகுது" என்று டாக்டரம்மா சிரித்தார். அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

நர்சம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுதாள். கண்ணீர் மட்டும் அவள் சொன்னபடி கேட்டது. டாக்டரம்மா அவள் தோளைத் தட்டி, "பேத்தி பொறந்த சந்தோஷம், இருக்கத்தான் செய்யும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீயே சொல்லிட்டியேம்மா."

நர்சம்மா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரிந்ததால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரத்தம் கசிந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல போல. நான்தான் சரியில்ல போல."

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வெயில் சுவரில் அடித்து உள்ளே திரும்பியது. மகள் பிள்ளையோடு அறைக்குள் போய்ப் படுத்தாள். நர்சம்மா முன்கதவைப் பூட்டினாள், பின்கதவைப் பூட்டினாள், இரண்டு சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டாள். கூடத்தில், மகளின் அறை வாசலும் ஜன்னலும் ஒருசேரத் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சொல்லத்தானே முடியவில்லை, பார்த்துக்கொண்டிருக்க முடியும். மருமகன் வரும்வரை ஒரு மாதம் ஆனாலும் கண் மூடாமல் இப்படியே உட்கார்ந்து காவல் காப்பது என்று முடிவு செய்தாள். முதல் தடவையாக அவளுக்கு அந்தக் குவாரிக்காரன் மனைவியின் பெயரை நினைக்கத் தோன்றியது. வரவில்லை. தாளில் தன் கையால் எழுதிய பெயர்தான். எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மூன்று மணி இருக்கும். உத்தரத்துக் கொக்கியில் தராசு கிரீச்சென்றது.

துணி அதில் மாட்டியிருந்தது. அவள் மாட்டவில்லை. வெறும் துணிதான், ஆனால் நடுப்பகுதி தாழ்ந்து, ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்து, உள்ளே ஒரு குழந்தை முழங்கால் மடக்கிக் கிடப்பதைப்போல் இருந்தது. முள் இரண்டு கிலோ இருநூறில் நின்றது. அந்தக் குவாரிக்காரன் குழந்தைக்கு எழுதிய இரண்டரையில் துணியைக் கழித்தால் வருகிற எடை. அந்தக் கணக்கை நர்சம்மா நான்கு மாதம் தாமதமாகப் போட்டாள். துணியின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. தரையில் சாம்பல் நிறத் தண்ணீர்.

எழுந்திருக்கப் போனாள். கால் வரவில்லை.

எதிரே, சுவரோரம் கிடந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

முடியில் தண்ணீர். கண் இமையில் கல் தூள். மார்பில், பிள்ளையை அணைத்துப் பிடித்த இடத்தில் மட்டும், சேலை வேறு நிறமாக இருந்தது. முகத்தில் கோபம் இருந்தால்கூடப் பரவாயில்லை. எடை நாளில் எல்லாரும் போகட்டும் என்று நின்றிருந்தாளே, அந்த மரியாதைதான் இருந்தது. மடியில் ஒரு தாள். கையில் நீலப் பேனா.

"நர்சம்மா, ஒரு பத்துக் கேள்வி. அவசரமில்ல, நெதானமாச் சொல்லுங்க. எனக்கு நேரம் இருக்கு."

நர்சம்மா அறை வாசல் பக்கம் பார்த்தாள். மகள் அறையிலிருந்து வெளியே வந்தாள். தோளில் பிள்ளை. அம்மாவையும் பார்க்கவில்லை, எதிர் நாற்காலியையும் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போனாள். பூட்டிய கதவு. சாவி நர்சம்மாவின் இடுப்பில்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"முதல் கேள்வி. ராத்திரி தூக்கம் வருதா?"

"நல்லா வருது" என்றது நர்சம்மாவின் வாய்.

ஒரு டிக். பேனா தாளில் உரசும் சத்தம். அவள் தாளைக் கொஞ்சம் திருப்பி, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். ஜன்னலில் மகள் தெரிந்தாள். தரிசில் நடந்து போனாள். வெறுங்கால். மண் கொதித்திருக்கும்.

"ரெண்டாவது. காரணமில்லாம பயம் வருதா?"

"இல்லவே இல்ல."

டிக்.

விடு. என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவளை விடு. பச்சைப் பிள்ளை. நர்சம்மா உள்ளுக்குள் கதறினாள். எதிரே இருந்தவளுக்கு அது கேட்டது. கேட்டது என்பது முகத்தில் தெரிந்தது. தலையைச் சாய்த்து, கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் நர்சம்மா" என்றாள். "மூணாவது கேள்வி."

பக்கத்து வீட்டுக்காரி துணி எடுக்க வெளியே வந்திருந்தாள். தரிசைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "ஏங்க நர்சம்மா, உங்க பொண்ணு பச்சப் புள்ளயத் தூக்கிட்டு இந்த வெயில்ல எங்க போகுது? எல்லாம் சரிதான?"

கடவுளே. இவளாவது.

"சும்மா காத்தாட நடக்கிறா. நல்லாத்தான் இருக்கா."

"அதான பாத்தேன். நீங்க இருக்கும்போது." துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம்.

நான்கு. ஐந்து. ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் அவள் காத்திருந்தாள். முழுசாக. பதில் வந்த பிறகும், இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று பார்த்தாள். யாரும் யாருக்கும் கொடுக்காத நேரத்தை அவள் கொடுத்தாள். சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. நர்சம்மாவின் பாதத்தைத் தண்ணீர் தொட்டது. பாறைக்கு அடியில் கிடக்கிற தண்ணீரின் குளிர்.

ஆறு.

மகள் விளிம்புக்குப் போய்விட்டாள்.

நின்றாள்.

பிள்ளையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அப்புறம் திரும்பி வீட்டைப் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. போகிறவள் பார்க்கிற பார்வை இல்லை. யாராவது கூப்பிடுவார்களா என்று நிற்கிற பார்வை. ஒரு வார்த்தை போதும். வா என்றால் வந்துவிடுவாள். பேத்தியின் கை அவள் கழுத்தோரம் அசைந்தது. உயிரோடு இருக்கிறது. இன்னும் நேரம் இருக்கிறது.

"ஏழாவது கேள்வி இருக்கட்டும்" என்றாள் எதிரே இருந்தவள். பேனாவைத் தாள்மேல் வைத்தாள். "கூப்பிடுங்க நர்சம்மா. பொண்ணு பாக்குதுல்ல."

தொண்டை திறந்தது. காற்று வந்தது. நெஞ்சு நிறைய வந்தது. நர்சம்மா தன் மொத்த உயிரையும் திரட்டி ஒரு சொல்லாக்கினாள். வா. வந்துடு. வாய் அகலத் திறந்தது. தரிசு முழுக்கக் கேட்கிற மாதிரி, உற்சாகமாக, பாசமாக, அவள் குரல் ஒலித்தது.

"பாத்துப் பத்திரமா போயிட்டு வாம்மா!"

மகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு, சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். மறுபக்கம் திரும்பி, படி இறங்குகிறவள் மாதிரி ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தாள்.

விளிம்பில் யாரும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

எதிரே இருந்தவள் பேனாவை எடுத்தாள். ஏழாவது கேள்வியை நிதானமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வரட்டும் என்று நர்சம்மாவின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.